பதினேழாம் எண்ணுக்கு விலை

வெர்ன் கைடா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. குந்துவான், நிற்பான், நடப்பான், சுவரில் ஒரு தோளைச் சாய்த்துக் கால் மாற்றிக்கொள்வான். நாற்காலியைக் காட்டினால் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு பேசுவான். இருபது வருஷத்துக்கு மேலாக நாங்கள் ஒரே மைதானத்தில் வேலை பார்க்கிறோம். என் தையல் அறையில் மூன்று நாற்காலிகள் உண்டு. ஒன்றில்கூட அவன் உட்கார்ந்ததில்லை. இருப்புக் கொள்ளாத மனுஷன். பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் அதைத் தொற்ற வைத்துவிடுவான்.

அவன் செய்கிற வேலையோ குந்தியே கிடக்கிற வேலை. எங்கள் பஃபலோ நகர பேஸ்பால் அணியின் புல்பென்னில் பந்து பிடிப்பவன் அவன். மைதானத்தின் ஓரமாக, வேலிக்குப் பின்னால், ஒரு சந்து மாதிரி இடம் அது. ஆட்டத்தில் இறங்கப்போகிற பந்துவீச்சாளர்கள் அங்கே வந்து கையைச் சூடாக்கிக்கொள்வார்கள். அவர்கள் வீசுவதையெல்லாம் குந்தியபடி பிடித்துத் திருப்பிப் போட வேண்டும். மற்ற ஆட்டக்காரர்களைப் போலவே அவனுக்கும் சட்டை உண்டு, முதுகில் எண் உண்டு. ஆனால் வேலியைத் தாண்டி ஆட்டத்துக்குள் வர முடியாது. இளமையில் சின்ன ஊர் அணிகளில் வருஷக்கணக்காக ஆடி, மேலே ஏறாமலே முடிந்துபோனவன். சம்பளம் ஒரு பள்ளி ஆசிரியருடையதைவிடக் குறைவு. முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. அவன் மாடிப்படி ஏறும்போது வரும் சத்தம் என் அறை வரைக்கும் கேட்கும்.

நான் பெர்னி சோப்சிக். அந்த அணியின் சட்டைகளுக்குப் பெயரும் எண்ணும் தைக்கிறவள். தையல்காரிக்குப் பொறுமை அதிகம் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். எனக்கு அது கிடையாது. இந்தக் கதை நடந்த வருஷம் இருந்ததும் போய்விட்டது.

வெர்னுக்கு ஒருத்தி உண்டு, லொரெய்ன் டெடெஸ்கோ. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். பனி கொட்டும்போதும் அவ்வளவு பெரிய பஸ்ஸை ஒரே திருப்பில் திருப்புவாள். மேலே இருக்கிற கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தால் பஸ் முழுக்க வாயை மூடிக்கொள்ளும். அவளுக்கு வெர்ன் மோதிரம் போட்டுப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது. கல்யாணம்தான் ஆகவில்லை. கேட்டால் சீசன் முடியட்டும் என்பான். சீசன் முடிந்தால் பனிக்காலம். பனிக்காலம் முடிவதற்குள் ஃப்ளோரிடாவில் பயிற்சி ஆரம்பமாகிவிடும். அது முடிந்தால் மறுபடியும் சீசன். நடுவில் அவன் அம்மா படுத்தாள், பிறகு இறந்தாள், அதற்குப் பிறகு முட்டி ஆபரேஷன். எப்போதும் ஒரு காரணம் கைவசம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சீக்டவாகாவில் இருக்கிற அவள் வீட்டுக்குப் போய், அடுப்பங்கரையில் நின்றபடியே ஸ்பகெட்டி சாப்பிட்டுவிட்டு, தன் வாடகை மாடிக்குத் திரும்பிவிடுவான்.

அவனுடைய பிக்கப் வண்டியையும் சொல்ல வேண்டும். ரோட்டில் கொட்டுகிற உப்பில் அரித்துப்போய் அதன் வலது பக்கக் கதவு திறக்காது. லொரெய்ன் ஓட்டுபவர் பக்கமாக ஏறி, ஸ்டியரிங்குக்கு அடியில் நுழைந்து, நகர்ந்து நகர்ந்து அந்தப் பக்கம் போய் உட்காருவாள். சர்ச்சுக்குப் போகிற உடுப்பிலும் அப்படித்தான். கதவைச் சரிசெய்வதும் சீசன் முடிந்த பிறகுதான்.

அந்த டிசம்பரில் எங்கள் ஊருக்கே தலைகால் புரியவில்லை. டெய்வி மொன்டில்லா என்ற டொமினிக்கன் பந்துவீச்சாளன், இருபத்தொன்பது வயசு, பழைய ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கு வேண்டுமானாலும் போகலாம் என்ற நிலையில் இருந்தவன், எங்கள் அணிக்கு வருவதாகக் கையெழுத்துப் போட்டான். நியூயார்க்கை விட்டுவிட்டு இங்கே வருகிறான் என்பதையே யாரும் நம்பவில்லை. பத்து வருஷத்துக்கு நானூற்று இருபது மில்லியன் டாலர். அதைக்கூட ஜீரணித்துக்கொண்டார்கள். அதில் வருஷத்துக்கு ஐந்து மில்லியன்தான் இப்போது வாங்கிக்கொள்வானாம். மீதி எல்லாம் தள்ளிவைப்பு. நாற்பது வயசில் ஆரம்பித்து அறுபது வயசு வரைக்கும், அவன் பந்தைத் தொடாமல் வீட்டில் இருக்க, அணி அவனுக்கு வருஷா வருஷம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கையில் மிஞ்சுகிற பணத்தில் அணி இன்னும் நான்கு நல்ல ஆட்டக்காரர்களைப் பிடிக்கலாம், கோப்பையைத் தூக்கலாம். அதுதான் கணக்கு.

வெள்ளிக்கிழமை பொரித்த மீன் சாப்பிடப் போனால் வரிசையில் நிற்கிறவன் எல்லாம் கணக்குப்பிள்ளை ஆகியிருந்தான். இன்றைய டாலரும் இருபது வருஷம் கழித்து வருகிற டாலரும் ஒன்றா என்று முடிவெட்டுகிறவன் கத்திரியை நிறுத்திவிட்டுக் கேட்டான். அந்தப் பையனுக்கு விளம்பரத்திலேயே கொட்டுகிறது, சம்பளம் எதற்கு என்றான் இன்னொருவன். பீர் குடித்துவிட்டு, "நாப்பது வயசுல குடுத்துடறேன்" என்று எழுந்துபோவது ஒரு நகைச்சுவையாகிவிட்டது. எங்கள் தெருமுனை பார்க்காரன், தள்ளிவைத்த கணக்கு இங்கே கிடையாது என்று ஓர் அட்டையே எழுதி மாட்டிவிட்டான்.

நான் சிரிக்கவில்லை. எனக்கு வேறு கவலை. மொன்டில்லா சின்ன வயசிலிருந்தே பதினேழாம் எண்தான் போடுகிறான். எங்கள் அணியில் பதினேழு வெர்னுடையது.

எங்கள் உலகத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிற பெரிய ஆட்டக்காரன் தன் பழைய எண்ணைக் கேட்டால், அதைப் போட்டிருப்பவன் விட்டுக்கொடுப்பான். விட்டுக்கொடுத்தவனுக்கு வந்தவன் ஏதாவது செய்தாக வேண்டும். கைக்கடிகாரம் கொடுத்தவர்கள் உண்டு, மோட்டார் சைக்கிள் கொடுத்தவர்கள் உண்டு, ஒருத்தன் ஒரு வருஷத்துக்கு வேண்டிய மாட்டிறைச்சி அனுப்பிவைத்தான். என்ன கேட்பது என்பது விட்டுக்கொடுக்கிறவன் பாடு. அதனால் கிறிஸ்துமஸ் முழுக்க வெர்னுக்கு ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். லொரெய்ன் ஒரே வார்த்தைதான் சொன்னாள். ரெண்டு கதவும் திறக்கிற வண்டி.

ஜனவரியில் மொன்டில்லா மைதானத்தைப் பார்க்க வந்தான். மூக்கு வரைக்கும் சால்வை சுற்றிக்கொண்டு, குளிரில் பல் தந்தியடிக்க, சட்டைக்கு அளவு கொடுக்க என் அறைக்குள் நுழைந்தான். வெர்ன் வழக்கம்போல நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். பையன் மரியாதை தெரிந்தவன். உட்காரச் சொன்னேன், வெர்ன் நிற்கிறானே என்று அவனும் உட்காரவில்லை. இரண்டு பேரும் நின்றுகொண்டே பேசினார்கள். அவன் வீசிய பந்து எவன் கையில் எப்படி விழுந்தது என்று ஏதோ பேசி, கடைசியில் எண்ணுக்கு வந்தான்.

"அண்ணே, பதினேழு உங்களோடது. குடுத்தா சந்தோஷம். புது பிக்கப் ஒண்ணு வாங்கித் தரேன், எந்த மாடல் வேணும்னு மட்டும் சொல்லுங்க."

வெர்ன் கால் மாற்றினான். சன்னலைப் பார்த்தான். பிறகு என் வாழ்க்கையில் நான் கேட்ட மகா முட்டாள்தனமான பேச்சைப் பேசினான்.

"எனக்கும் உன்ன மாதிரியே தள்ளிவெச்சுக் குடு தம்பி. உனக்கு நாப்பது ஆகி, உனக்கு வர ஆரம்பிக்கும்ல, அப்ப எனக்கும் கொஞ்சம் வரட்டும்."

மொன்டில்லா முதலில் சிரித்தான். இவன் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினான். கொஞ்ச நேரம் இவனையே பார்த்துவிட்டு, வெளியே தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். கதவு பாதி சாத்தியிருந்தது, என்ன பேசினார்கள் என்று காதில் விழவில்லை. திரும்பி வந்தபோது முடிந்துவிட்டது. வருஷத்துக்கு முப்பதாயிரம் டாலர், இருபது வருஷத்துக்கு, மொன்டில்லாவுக்கு நாற்பது ஆகிற வருஷத்திலிருந்து. வக்கீலிடம் சொல்லி முறையாக எழுதிவிடுவதாகச் சொல்லிக் கை குலுக்கிவிட்டுப் போனான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மொன்டில்லாவுக்கு நாற்பது ஆகும்போது வெர்னுக்கு அறுபத்தைந்து ஆகும். கைடா வீட்டு ஆண்களை எனக்குத் தெரியும். அவன் அப்பா, இரண்டு அண்ணன்கள், மூன்று பேர் சாவுக்கும் நான் போயிருக்கிறேன். மூன்று பேருக்கும் நெஞ்சு. ஒருத்தரும் அறுபதைத் தொடவில்லை.

"உங்க வீட்ல அறுபத எவன் பாத்தான்?" என்று கேட்டேன். "உனக்கு எதுக்கு இந்தப் பெரிய மனுஷன் வேஷம்? பணக்காரன் செஞ்சா அது திட்டம். நீ செஞ்சா கிறுக்கு."

"பெரிய மூளைக்காரங்கல்லாம் யோசிச்சு செஞ்சதுதான பெர்னி" என்றான். சொல்லிவிட்டு அறையை ஒரு சுற்று நடந்தான். பிடி கொடுக்கவே இல்லை.

லொரெய்னிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டதற்கு, ஃப்ளோரிடாவிலிருந்து வந்ததும் சொல்கிறேன் என்றான். நான் அன்றைக்கே அவன் சட்டையிலிருந்து பதினேழைப் பிரித்தெடுத்தேன். எண்பத்தாறு தைத்தேன். எண்பத்தாறு என்பது யாரும் கேட்டு வாங்குகிற எண் அல்ல. தைக்கும்போது ஊசி இரண்டு தடவை என் விரலில் ஏறியது. எனக்கு அவன்மேல் இருந்த கோபத்தில் பாதி லொரெய்னுக்காக, பாதி எனக்கே எனக்காக. ஒரு மனுஷன் இருபது வருஷமாகத் தன் வாழ்க்கையைத் தள்ளிக்கொண்டே போவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதும் ஒரு தண்டனைதான்.

பிப்ரவரியில் அணி ஃப்ளோரிடாவுக்குப் போயிற்று. வெர்ன் போனில் வெயிலைப் பற்றிப் பேசினான், முட்டியைப் பற்றிப் பேசினான், எண்ணைப் பற்றி மட்டும் பேசவில்லை. மார்ச் கடைசி வாரத்தில் எங்கள் ஊர்ப் பத்திரிகை அதைக் கண்டுபிடித்து, சிரிப்புச் செய்தியாகப் போட்டது. நட்சத்திரம் தள்ளிவைத்தார், புல்பென்காரரும் தள்ளிவைத்தார். வெர்ன் குந்தியிருக்கிற படம் வேறு. லொரெய்னுக்கு விஷயம் தெரிந்தது அப்படித்தான், பஸ் டிப்போவில், காப்பி ஊற்றிக்கொண்டிருக்கும்போது, சக ஓட்டுநர் ஒருத்தன் சத்தமாகப் படித்துக் காட்டித் தெரிந்தது. மோதிரமும் தள்ளிவைப்புக் கணக்கில்தானா என்று அவன் கேட்டானாம். அவள் காப்பியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாளாம்.

அன்று மாலையே அரிசோனாவில் இருக்கிற தன் அக்காவுக்குப் போன் போட்டாள். அக்கா பல வருஷமாக வரச் சொல்லிக்கொண்டிருந்தவள். டூசானில் வெயில் உண்டு, பஸ் ஓட்டுகிற வேலை உண்டு, அக்கா வீட்டில் ஒரு அறை உண்டு. லொரெய்ன் சனிக்கிழமைக்கு விமான டிக்கெட் எடுத்தாள். போக மட்டும், திரும்பி வர எடுக்கவில்லை. எனக்குப் போன் செய்து சொன்னபோது அவள் குரலில் அழுகை இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவனிடம் இன்னும் சொல்லவில்லை, புதன்கிழமை அணி ஊருக்கு வந்ததும் நேரில் வந்து சொல்லப்போகிறேன், போனில் சொன்னால் அதையும் சீசன் முடிந்து பேசலாம் என்பான் என்றாள்.

புதன்கிழமை வந்தாள். மறுநாள் வியாழன், சீசனின் முதல் ஆட்டம். மைதானத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது, ஏப்ரல் பிறக்கப்போகிறது என்றும் பாராமல் பொடிப்பொடியாகப் பனி விழுந்துகொண்டிருந்தது. என் அறையில் மொன்டில்லா புதுச் சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். முதுகில் பதினேழு. லொரெய்ன் கதவைத் தட்டாமல் நுழைந்து, நேராக அவனிடம் போனாள்.

ஊரே கும்பிடுகிற ஆட்டக்காரன் என்றெல்லாம் அவள் பார்க்கவில்லை. பஸ்ஸில் குறும்பு செய்த பையனைக் கேட்கிற மாதிரி கேட்டாள். வண்டி கொடுக்கிறேன் என்று சொன்னவன் எதற்காக இந்தப் பைத்தியக்காரன் பேச்சைக் கேட்டாய், அவன் வீட்டில் எவனும் அறுபது தாண்டியதில்லை என்று உனக்குத் தெரியுமா, அவனுக்கு நீ கொடுக்கிறது பணமா அல்லது சும்மா ஒரு காகிதமா என்று ஒரே மூச்சில் கேட்டாள்.

மொன்டில்லா கையை உயர்த்தினான்.

"தெரியும் அக்கா. அண்ணனே சொன்னாரு. 'நான் அதுவரைக்கும் இருக்க மாட்டேன் தம்பி, வண்டி வாங்கினா வண்டியும் என்னோட துருப்பிடிச்சுப் போயிடும்'னாரு. பணம் உங்களுக்கு. அவரு போனப்புறம், உங்களுக்கு வயசான காலத்துல, வருஷா வருஷம் உங்க கைக்கு வரணும்னு கேட்டாரு. கல்யாணம் ஆகலங்கறதால வேற எதுவும் உங்களுக்கு வராதாமே. அதனாலதான் உங்க பேர எழுதச் சொன்னாரு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

லொரெய்ன் துவைத்த சட்டை மூட்டை ஒன்றின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முட்டாள் என்று மூன்று மாசமாக நான் திட்டியவன் தாழ்வாரத்தில் நின்று பேசியது இதைத்தான். இப்போது இவள் அழுவாள், போய் அவனைக் கட்டிக்கொள்வாள், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். லொரெய்னை எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

அவள் எழுந்தபோது முகம் வந்தபோது இருந்ததைவிடச் சிவந்திருந்தது. மாடியிறங்கி, தாழ்வாரம் தாண்டி, புல்பென்னுக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். வெர்ன் ஒரு சின்னப் பையனின் பந்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். இவளைப் பார்த்ததும் எழுந்தான், முட்டி சத்தம் போட்டது. பந்து வீசிய பையன் நிலைமை புரிந்து நழுவினான்.

"நீ செத்தா எனக்கு என்ன வரும்னு ஏற்பாடு பண்ணிட்ட" என்றாள் லொரெய்ன். "நீ உசுரோட இருக்கறப்ப எனக்கு என்ன வரும்? அதச் சொல்லு."

வெர்ன் கையுறையைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான். என்னைப் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"உனக்கு நல்லதுக்குத்தான் லொரெய்ன்..."

"எனக்கு முப்பதாயிரம் வேணாம். ஞாயித்துக்கிழம சாப்ட்டு முடிச்சதும் நீ கிளம்பறியே, அது நிக்கணும். பதினாறு வருஷமா ஸ்டியரிங்குக்கு அடியில நுழைஞ்சு ஏர்றேன், அது நிக்கணும். எனக்கு சனிக்கிழம டிக்கெட் இருக்கு. டூசானுக்கு."

அவன் வாய் திறந்தது. என்ன வரப்போகிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் வாயை மூடிக்கொண்டான். கால் மாற்றினான். அவ்வளவு குளிரில் அவன் நெற்றியில் வியர்வை.

"இன்னிக்கே போலாம்" என்றான்.

எங்கே என்று அவள் கேட்டாள். நகராட்சியின் சிட்டி ஹாலுக்கு, கல்யாணம் பண்ணிக்கொள்ள என்றான். சட்டையை மாற்றக்கூட விடாமல் நான் இரண்டு பேரையும் வெளியே தள்ளிக்கொண்டு போனேன். மைதானத்திலிருந்து சிட்டி ஹாலுக்கு நடந்தே போகலாம். வழியெல்லாம் வெர்ன் எங்களுக்கு முன்னால் வேகமாக நடப்பதும், நிற்பதும், திரும்பி வருவதுமாக இருந்தான். லொரெய்ன் ஒரே வேகத்தில் நடந்தாள். நான் சாட்சிக் கையெழுத்துக்கு.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா நல்ல பெண். அடையாள அட்டைகளை வாங்கினாள், பணம் வாங்கினாள், கல்யாண உரிமத்தை அடித்துக் கொடுத்தாள். பிறகு சொன்னாள், உரிமம் வாங்கி ஒரு முழு நாள் போன பிறகுதான் கல்யாணம், மாநிலச் சட்டம் அப்படி, நாளைக்கு இரண்டு மணிக்கு ஓர் இடம் இருக்கிறது, அதை விட்டால் அடுத்த வாரம் என்று. பதினாறு வருஷம் கழித்து ஒருத்தனை இழுத்துக்கொண்டு வந்தால் சட்டம் தன் பங்குக்குத் தள்ளிவைக்கிறது. எனக்கு அந்தக் கண்ணாடியை உடைக்கலாம் போல இருந்தது.

நாளை இரண்டு மணி. நாளை ஒரு மணிக்கு முதல் ஆட்டம். முதல் ஆட்டத்தில் மொன்டில்லா வீசப்போகிறான், அவன் கையைச் சூடாக்க வேண்டியவன் வெர்ன். இருபத்திரண்டு வருஷத்தில் வெர்ன் ஒரு முதல் ஆட்டத்தையும் விட்டதில்லை. அன்றைக்கு மட்டும்தான் ஆட்டக்காரர்களோடு புல்பென்காரனையும் மைதானத்துக் கோட்டில் வரிசையாக நிறுத்திப் பெயர் சொல்லுவார்கள், ஊரே கை தட்டும். வருஷத்தில் அவன் வேலியைத் தாண்டுகிற ஒரே நாள். அடுத்த வாரம் என்றால் அணி வெளியூரில் இருக்கும், லொரெய்ன் டூசானில் இருப்பாள்.

குமாஸ்தா பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். லொரெய்ன் அவனைப் பார்க்காமல் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதவி செய்யவே மாட்டேன் என்கிற நிற்பு அது. வெர்ன் இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறினான், அந்தக் காலிலிருந்து இந்தக் காலுக்கு.

"ரெண்டு மணி" என்றான். சத்தமே வரவில்லை. குமாஸ்தா இன்னொரு தடவை கேட்டு எழுதிக்கொண்டாள்.

வாசலில் இறங்கியதும் லொரெய்ன் தனியாக பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டாள். வருவானா என்று என்னிடம் கேட்கவும் இல்லை, வா என்று அவனிடம் சொல்லவும் இல்லை. அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவன் நல்லவன்தான், ஆனால் நல்லவனாக இருப்பதற்கும் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பதற்கும் சம்பந்தம் இல்லை என்பதை நான் இரண்டு புருஷர்களிடம் படித்தவள்.

வியாழக்கிழமை காலையில் வேலைக்குப் போனேன். வெர்னின் அலமாரியில் எண்பத்தாறாம் எண் சட்டை தொங்கியது. அவன் வரவில்லை. பதினொரு மணிக்கும் வரவில்லை. போன் எடுக்கவில்லை. புல்பென்னில் வேறொருவன் கால்காப்பு கட்டிக்கொண்டிருந்தான். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவன் அப்பாவும் அண்ணன்களும் நினைவுக்கு வந்தார்கள். மொன்டில்லாவைத் தேடினேன், அவன் அதற்குள் களத்துக்குப் போய்விட்டான். பன்னிரண்டரைக்கு லொரெய்ன் நீலக் கோட்டு போட்டுக்கொண்டு மைதான வாசலில் வந்து நின்றாள். அவன் வரவில்லை என்றேன். ஆட்டத்துக்கா, கல்யாணத்துக்கா என்றாள். ரெண்டுக்கும் தெரியவில்லை என்றேன்.

நடந்தோம். பின்னால் கூட்டம் ஆர்ப்பரித்தது. ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், காற்றில் பாதிப் பாதியாக வந்தது. "அங்க இருக்க மாட்டான் பெர்னி" என்றாள் லொரெய்ன். "வந்து நின்னுட்டு, நடந்து நடந்து பாத்துட்டு, வெளிய போயிருப்பான். எனக்குத் தெரியும் அவன." எனக்கும் அதுதான் தோன்றியது.

சிட்டி ஹாலில் குமாஸ்தா அறைக்கு வெளியே இருந்த தாழ்வாரத்துக்கு வந்தோம். சுவரோரமாக ஒரு நீள மர பெஞ்சு. அதில் வெர்ன் கைடா உட்கார்ந்திருந்தான்.

உட்கார்ந்திருந்தான். முதுகு சாய்த்து, இரண்டு பாதமும் தரையில், இரண்டு கையும் பெஞ்சின் விளிம்பைப் பிடித்தபடி. அவன் அம்மா சாவுக்குப் போட்ட அதே பழுப்புக் கோட்டு. பக்கத்தில் நின்ற காவலாளி எங்களைப் பார்த்ததும், "இவர் உங்க ஆளா? காலைல கதவு திறந்ததும் வந்து உக்காந்தவரு. தண்ணி குடிக்கக்கூட எழுந்திரிக்கல. உடம்பு சரியில்லையோன்னு ரெண்டு தடவ கேட்டுட்டேன்" என்றான்.

லொரெய்ன் அவன் முன்னால் போய் நின்றாள். ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டதே என்றாள். மொன்டில்லாவுக்கு விடியற்காலையிலேயே போன் செய்து வேறு ஆள் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு, போனை வண்டியிலேயே போட்டுவிட்டு வந்தானாம்.

"எழுந்தா கால் அந்தப் பக்கம் போயிடும்னு பயம்" என்றான் வெர்ன். "அதான் எழுந்திரிக்கல."

இரண்டு மணிக்கு அவர்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். வெர்ன் எழப் பார்த்தான், முடியவில்லை. அத்தனை மணி நேரம் மடக்கியே வைத்ததில் முட்டி இரண்டும் பூட்டிக்கொண்டுவிட்டன. வாழ்நாள் முழுக்கக் குந்தி எழுந்தவனுக்கு ஒரு பெஞ்சிலிருந்து எழ வழியில்லை. நான் ஒரு கை, லொரெய்ன் ஒரு கை பிடித்துத் தூக்கினோம். அவன் வலியில் முகத்தைச் சுளித்தான், லொரெய்ன் சிரித்துவிட்டாள். சிரிப்பு நடுவிலேயே அழுகையாக மாறிற்று. அப்படியேதான் உள்ளே போனோம். ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. நான் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே பனி நின்றிருந்தது. பிக்கப் வண்டி சிட்டி ஹால் ஓரத்தில் காலையிலிருந்து நின்றதில் கண்ணாடியில் அபராதச் சீட்டு ஒன்று செருகியிருந்தது. மைதானத்துப் பக்கம் பெரிய சத்தம் எழுந்தது, யாரோ எதையோ நன்றாகச் செய்திருக்க வேண்டும். வெர்னின் தலை அந்தப் பக்கம் திரும்பியது, பிறகு இந்தப் பக்கம் வந்துவிட்டது. லொரெய்ன் நீலக் கோட்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓட்டுபவர் பக்கமாக ஏறி, ஸ்டியரிங்குக்கு அடியில் நுழைந்து, நகர்ந்து நகர்ந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

"கதவ நாளைக்கு..." என்று ஆரம்பித்தான் வெர்ன்.

"கதவு கெடக்கு" என்றாள். "அறுபத்தஞ்சு வரைக்கும் இரு. அந்தப் பையன் பணத்த நான் தனியா போயி வாங்க மாட்டேன், பாத்துக்க."

அவன் சரி என்றான். ஏறி உட்கார்ந்தான். முட்டி மடங்க நேரம் பிடித்தது, அவள் காத்திருந்தாள்.